பிஆர் முதலாளியின் சட்டைப்பையில் இல்லை

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

நாமக்கல்லில் இருந்துகொண்டு ஆஸ்திரேலிய வேலைக்கு முயற்சி செய்யும் என் மச்சினன் போன வாரம் உங்கள் ஞாயிறு இணைப்பின் ஒரு பக்கத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பகுதிகளுக்கு முதலாளி ஸ்பான்சரில் வேலைக்குப் போவது பற்றிய கட்டுரை. அதில் ஒரு வரிக்குக் கீழே சிவப்புப் பேனாவால் கோடு போட்டிருந்தான். மூன்று ஆண்டு முடிந்ததும் முதலாளி பரிந்துரைக் கடிதம் கொடுத்தால்தான் நிரந்தரக் குடியுரிமை, அதாவது பிஆர், என்று சொல்கிற வரி. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "மாமா, நீங்க சொன்னது தப்புங்களாம். பேப்பர்லயே போட்டிருக்கு."

முதலாளியின் கடிதம் தேவையில்லை என்று நான் சொன்னது தப்பில்லை, ஐயா. அந்த வரிதான் தப்பு. ஏதோ ஒரு எழுத்துப் பிழை என்று விட்டுவிட என்னால் முடியவில்லை. இதே வரியை இன்னொருவர் வாயிலிருந்து கேட்டு, அதை நம்பி, 61 சனிக்கிழமை சம்பளம் இல்லாமல் வேலை பார்த்தவன் நான். அதனால் கடிதம் கொஞ்சம் நீளமாகப் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் டீசல் மெக்கானிக். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு நாமக்கல்லில் ஒரு லாரிப் பட்டறையில் பதினோரு வருடம் இருந்தேன். ஆஸ்திரேலியாவில் லாரி மெக்கானிக்குக்குத் தட்டுப்பாடு என்று கேள்விப்பட்டு 2020 வாக்கில் முயற்சியைத் தொடங்கினேன். தொழில் திறன் மதிப்பீட்டுக்கு வீடியோவில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். ஏர் பிரேக் எப்படி வேலை செய்கிறது, டர்போவில் ஆயில் கசிந்தால் முதலில் எதைக் கழற்றிப் பார்ப்பாய் என்றெல்லாம். அதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. ஐஇஎல்டிஎஸ் என்கிற ஆங்கிலத் தேர்வுதான் உயிரை வாங்கிவிட்டது. நான்கு பிரிவிலும் 6 வேண்டும். எனக்கு எழுத்துப் பிரிவில் மூன்று முறை தொடர்ந்து ஐந்தரை. நான்காவது முறை 6 வந்த அன்று பட்டறையில் எல்லோருக்கும் என் செலவில் பரோட்டா. 2022 ஜூலையில் மனைவியோடு இங்கே வந்து இறங்கினேன். விசா எண் 494.

இந்த 494 பற்றி உங்கள் கட்டுரையாளர் பெரும்பாலும் சரியாகவே எழுதியிருக்கிறார். முன்பு 187 என்று ஒரு விசா இருந்தது. உள்நாட்டுப் பகுதியில் ஒரு முதலாளி ஸ்பான்சர் செய்தால், விசா கையில் வரும்போதே அது நிரந்தர விசாதான். 2019 நவம்பர் 16-இல் அதற்குப் புது விண்ணப்பம் வாங்குவதை நிறுத்திவிட்டு 494-ஐக் கொண்டுவந்தார்கள். இது ஐந்து வருடத் தற்காலிக விசா. வயது 45-க்குள் இருக்க வேண்டும், தொழிலில் மூன்று வருட அனுபவம் வேண்டும். உள்ளூரில் ஆள் தேடிக் கிடைக்கவில்லை என்று முதலாளி காட்ட வேண்டும், வேலை முழு நேர வேலையாக ஐந்து வருடம் நிற்கக்கூடியதாக இருக்க வேண்டும், அந்த வட்டாரத்துக்கென்று இருக்கும் சான்றளிக்கும் அமைப்பு சம்பளத்தையும் வேலையையும் பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டும். சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் மூன்றும் ஆகாது. மற்ற இடமெல்லாம் ஆகும். பெர்த்தும் அடிலெய்டும் கான்பெராவும்கூட இந்தக் கணக்கில் 'ரீஜனல்'தான் என்பது எங்கள் ஊர்க்காரர்கள் பலருக்குத் தெரியாது. ரீஜனல் என்றால் கங்காரு மட்டும் இருக்கிற இடம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

எனக்கு அமைந்தது என்னவோ கங்காரு இருக்கிற இடம்தான். விக்டோரியா மாநிலத்தில் இருக்கும் மில்டூராவிலிருந்து காரில் இரண்டு மணி நேரம். ஒரு பெட்ரோல் பங்க், ஒரு பப், ரயில் பாதை ஓரமாக நெட்டையாக நிற்கும் தானிய சைலோ, அப்புறம் எங்கள் பட்டறை. ஊர் பெயர் வேண்டாம், முதலாளி பெயரும் வேண்டாம். அவரைக் கெட்டவர் என்று ஒரே வார்த்தையில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வந்த புதிதில் ஓட்டுவதற்கு ஒரு பழைய வண்டி கொடுத்தார். கிறிஸ்துமஸுக்கு முழு ஆட்டுத்தொடை ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார். ஒப்பந்தச் சம்பளம் வருடம் 62,000 டாலர், வாரம் 38 மணி நேரம். அது ஒரு நாளும் தாமதமானதில்லை.

நவம்பரில் கோதுமை, பார்லி அறுவடை. லாரிகள் ராத்திரி பகல் என்று பார்க்காமல் ஓடும், ராத்திரி பகல் என்று பார்க்காமல் ரிப்பேர் ஆகும். "அறுவடை முடியும்வரை சனிக்கிழமையும் வா" என்றார். போனேன், அதற்குச் சம்பளமும் வந்தது. ஜனவரியில் அறுவடை முடிந்தது, சனிக்கிழமை முடியவில்லை. சம்பளச் சீட்டில் மட்டும் அந்த மணி நேரம் காணாமல் போனது. இரண்டு மாதம் பார்த்துவிட்டு, பிப்ரவரி கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டேன். துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, "உன் பிஆர் பேப்பரில் கையெழுத்துப் போடப்போவது யார்?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன். அடுத்த சனிக்கிழமை ஏழு மணிக்குப் பட்டறையில் இருந்தேன்.

இதில் அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கே உண்மை தெரியாது என்பதுதான் என் கணிப்பு. அந்த ஊரில் யாருக்கும் தெரியவில்லை. நான் போனில் விசாரித்த தமிழ் நண்பர்கள் மூன்று பேரும், ஒருவர் மெல்போர்ன், இருவர் அடிலெய்ட், அதையேதான் சொன்னார்கள்: "மூணு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு, முதலாளியைப் பகைச்சுக்காதே."

ஒன்று மட்டும் செய்தேன். பட்டறையில் பார்ட்ஸ் நோட்டு எழுதிப் பழகிய கை, சும்மா இருக்கவில்லை. சனிக்கிழமை வேலையை எல்லாம் ஒரு சின்ன டைரியில் தமிழிலேயே எழுதி வந்தேன். '18.2.2023. காலை 7:10 முதல் 12:20. கென்வொர்த் லாரி. பின் ஆக்ஸில் ஹப் சீல் மாற்றியது.' '24.6.2023. காலை 7:00 முதல் 11:50. டிரெய்லர், இரண்டாவது ஆக்ஸில் பிரேக் லைனிங். ஒரே குளிர்.' வண்டி நம்பரும் உண்டு. வழக்குப் போடுவதற்காக எழுதவில்லை. சனிக்கிழமை எங்கே போனது என்று எனக்கே ஒரு கணக்கு வேண்டியிருந்தது.

2024 மே 18, அதுவும் சனிக்கிழமை. பாதாம் ஏற்றிப் போகும் ஒரு லாரி வந்து நின்றது. டிரெய்லர் பிரேக்கில் காற்றுக் கசிவு. டிரைவர் பஞ்சாபிக்காரர், ஐம்பது வயது இருக்கும். பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றி எனக்கும் ஒரு கப் கொடுத்தார். சனிக்கிழமையும் வேலையா என்று கேட்டார். எனக்குத் தெரிந்த இந்தியில் கதையைச் சொன்னேன். "எந்த விசா?" என்றார். 494 என்றேன். சத்தம் போட்டுச் சிரித்துவிட்டார். அவருடைய மனைவி மாநில அரசு நாமினேட் செய்யும், அதாவது பெயரை முன்மொழியும், 491 விசாவில் வந்தவராம். குடும்பத்துக்கே போன வருடம் 191 என்ற நிரந்தர விசா கிடைத்துவிட்டது. "எங்களுக்கு முதலாளியே கிடையாது. அப்புறம் யார் கையெழுத்துப் போட்டது?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. உங்கள் வழி வேறு, என் வழி வேறு என்றேன். அவர் போனை எடுத்து உள்துறையின் இணையதளத்தில் 191 விசாவின் பக்கத்தைத் திறந்தார். என் கையெல்லாம் கிரீஸ். அதனால் அவரே போனைப் பிடித்துக்கொண்டு விரலால் நகர்த்த, நான் லாரிக்கு அடியில் பலகையில் படுத்தபடி தலையை மட்டும் வெளியே நீட்டிப் படித்தேன். 494-க்கும் 491-க்கும் அடுத்த படி இரண்டுமே 191. 494 அல்லது 491 விசாவை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். விசாவின் நிபந்தனைகளை மீறியிருக்கக் கூடாது. மூன்று வருமான வருடங்களுக்கு, வரித் துறை அனுப்பும் மதிப்பீட்டு அறிவிப்பைக் காட்ட வேண்டும். "இதில் முதலாளி எங்கே இருக்கிறார், காட்டு" என்றார். இரண்டு முறை மேலிருந்து கீழே படித்தேன். இல்லை. பரிந்துரைக் கடிதம் இல்லை, மறுபடியும் ஒரு நாமினேஷன் இல்லை, கையெழுத்து இல்லை. இத்தனை டாலர் சம்பாதித்திருக்க வேண்டும் என்ற வரம்புகூட இல்லை.

ஏற்கெனவே கழற்றிப் போட்ட வேலை என்பதால் அதை முடித்துக் கொடுத்தேன். டைரியில் அதுதான் கடைசிச் சனிக்கிழமை.

பிறகு உட்கார்ந்து யோசித்தபோதுதான் இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று புரிந்தது. 482 என்ற தற்காலிக வேலை விசாவில் வருகிறவர்கள் 186 என்ற நிரந்தர விசாவுக்குப் போவார்கள். அதற்கு முதலாளி மறுபடியும் நாமினேட் செய்தே ஆக வேண்டும். அந்த வழியில் வந்தவர்கள் இங்கே ஏராளம். அவர்களுடைய அனுபவத்தில் முதலாளி கையெழுத்து நிஜமாகவே வேண்டும். அவர்கள் பொய் சொல்லவில்லை. பழைய 187-இல் வந்தவர்களுக்கோ முதல் நாளே நிரந்தர விசா. திருச்சி பஸ்ஸில் வந்தவரிடம் சேலம் பஸ்ஸுக்கு டிக்கெட் விலை கேட்ட மாதிரிதான் நான் விசாரித்திருக்கிறேன். உங்கள் கட்டுரையாளரும் அப்படித்தான் விசாரித்திருப்பார் என்று நினைக்கிறேன். 186-இன் விதியை எடுத்து 494-க்கு ஒட்டிவிட்டார்.

அதற்காக 494-இல் முதலாளிக்கு அதிகாரமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. இதை மச்சினனிடமும் தெளிவாகச் சொல்லியிருக்கிறேன். விசாவில் 8608 என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. நாமினேட் செய்த முதலாளியிடம், நாமினேட் செய்த அதே வேலையைத்தான் பார்க்க வேண்டும். 8579 என்று இன்னொன்று. அது குடும்பத்துக்கே பொருந்தும். வாழ்வது, வேலை செய்வது, படிப்பது எல்லாம் அந்த ரீஜனல் எல்லைக்குள். முதலாளி வேலையை விட்டு நிறுத்திவிட்டால் வேறு முதலாளியைத் தேடிக்கொண்டாக வேண்டும், அவர் புதிதாக நாமினேஷன் போட்டு அது ஒப்புதல் ஆக வேண்டும். இந்தப் பயம் நியாயமான பயம். ஆனால் அவர் கையில் இருப்பது இன்றைய வேலை. மூன்று வருடத்துக்குப் பிறகு வரும் பிஆர் அவர் கையில் இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாக்கித்தான் என்னை மிரட்டினார்கள், நானும் மிரண்டேன்.

அடுத்த திங்கட்கிழமை முதலாளியிடம், சனிக்கிழமை வர வேண்டுமென்றால் சம்பளச் சீட்டில் வரட்டும் என்று சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மௌனம் ஒரு மாதம் நீடித்தது. கொடுத்த வண்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பெரிய வேலைகள் எல்லாம் வேறு ஆளுக்குப் போயின, எனக்கு ஆயில் மாற்றும் வேலை மட்டும். இதற்கிடையில் 2024 ஜூலை 1 முதல் சட்டம் மாறியது. ஸ்பான்சர் செய்த முதலாளியை விட்டு விலகினால் அடுத்தவரைத் தேட ஒரே மூச்சில் 180 நாள் வரை அவகாசம். விசாக் காலம் முழுக்கச் சேர்த்து 365 நாள். அந்த இடைவெளியில் வேறு முதலாளிகளிடம், வேறு தொழிலில்கூட, வேலை பார்த்துக்கொள்ளலாம். முன்பெல்லாம் இவ்வளவு நாள் கிடையாது. அதைப் படித்த பிறகுதான் துணிச்சல் வந்தது. ஆகஸ்ட் 12-ஆம் தேதி எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அவர் தன் கடமைப்படி 28 நாளுக்குள் துறைக்குத் தகவல் கொடுத்துவிட்டார். அதில் அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

மில்டூராவுக்குக் குடிவந்தோம். ஒரு பாதாம் தோட்டத்தில் பம்பு, அறுவடை இயந்திரம் பழுது பார்க்கும் வேலை கிடைத்தது. மனைவி திராட்சை பேக்கிங் ஷெட்டுக்குப் போனாள். ஊரிலிருந்து கொண்டுவந்த தினசரிக் காலண்டர் சமையலறையில் தொங்கியது. தாளைக் கிழிப்பதற்கு முன்னால் மூலையில் ஒரு எண் எழுதுவாள்: 1, 2, 3 என்று. ராகு காலம், எமகண்டத்துக்குப் பக்கத்தில் எங்கள் 180 நாள் கணக்கு. நூறைத் தாண்டியதும் அந்தத் தாளை நான் பார்க்காமலே கிழிக்க ஆரம்பித்தாள். டிசம்பரோடு காலண்டர் தீர்ந்துவிட்டது, புதுசு ஊரிலிருந்து வந்து சேரவில்லை. பழைய அட்டையிலேயே பென்சிலால் எழுதினாள். அட்டையில் கடைசியாக இருக்கும் எண் 163. அன்றைக்குத்தான், 2025 ஜனவரி 22, புது முதலாளியின் நாமினேஷன் ஒப்புதல் ஆன ஈமெயில் வந்தது.

இந்த இரண்டாவது நாமினேஷனில் ஒரு வேடிக்கை. நான் முதலில் வந்தபோது இப்படி நாமினேட் செய்வதற்குச் சட்டம் வைத்திருந்த குறைந்தபட்சச் சம்பளம் வருடத்துக்கு 53,900 டாலர். பல வருடமாக ஏறாமல் கிடந்த தொகை. 2023 ஜூலையில் அதை 70,000 ஆக்கினார்கள், 2024 ஜூலையில் 73,150. ஆக, புது முதலாளி விரும்பினாலும் எனக்குப் பழைய 62,000 கொடுத்திருக்க முடியாது. கோபித்துக்கொண்டு வெளியே வந்ததில் சம்பளம் ஏறிவிட்டது. 2025 ஜூலையில் அந்தத் தொகை 76,515 ஆனது. மச்சினனுக்கு வந்திருக்கும் ஆஃபர் கடிதத்தில் 65,000 என்று போட்டிருக்கிறது. தனி ஒப்பந்தம் எதுவும் இல்லாத சாதாரண வழியில் அந்தச் சம்பளத்துக்கு நாமினேஷனே ஆகாது. கடிதத்தை எழுதியவருக்கு விதி தெரியவில்லை, இல்லாவிட்டால் கடிதமே பொய். உங்கள் கட்டுரையில் இந்தத் தொகை இல்லை. ஒரு ஆஃபர் உண்மையா இல்லையா என்று பார்க்க வீட்டிலிருந்தபடியே செய்யக்கூடிய முதல் சோதனை இது.

சனிக்கிழமைக் காசு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சம்பளப் புகார்களைப் பார்க்கும் அரசின் ஃபேர் வொர்க் அலுவலகத்துக்கு, 13 13 94, போன் செய்தேன். ஆங்கிலத்தில் கோவையாகச் சொல்ல வராது என்று பயந்தவனுக்கு, 131 450 என்ற எண்ணில் அரசின் மொழிபெயர்ப்புச் சேவை இருக்கிறது என்று ஒரு அம்மா சொன்னார். தமிழ் கேட்டேன், யாழ்ப்பாணத் தமிழ் வந்தது. "நீங்கள் ஆறுதலாக் கதையுங்கோ, நான் சொல்லுறன்" என்று அவர் சொன்னதிலேயே பாதிப் பயம் போய்விட்டது. எப்படிக் கணக்கு எழுதிக் கேட்க வேண்டும் என்று அவர்கள் சொன்னபடி, டைரியின் நகலோடு பழைய முதலாளிக்குக் கடிதம் அனுப்பினேன். 61 சனிக்கிழமை, 308 மணி நேரம். ஓவர்டைம் கணக்கை விட்டுவிட்டு வெறும் மணிக்கூலி போட்டாலே ஒன்பதாயிரத்து அறுநூறு டாலருக்கு மேல். இரண்டு தவணையாக 8,500 வந்தது. போதும் என்று விட்டுவிட்டேன். இன்னும் இழுத்திருந்தால் மிச்சமும் வந்திருக்கும் என்று மனைவி இன்றைக்கும் சொல்கிறாள். வேண்டுமென்றே சம்பளத்தைக் குறைத்துக் கொடுப்பது 2025 ஜனவரி 1 முதல் இங்கே கிரிமினல் குற்றம். என் கதை அதற்கு முந்தையது.

இன்னொரு வரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். செலவுப் பட்டியலில் ஸ்பான்சர் தொகை பல லட்சம் ஆகலாம் என்று, விமான டிக்கெட்டுக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் நடுவில், ஏதோ வழக்கமான செலவு போலப் போட்டுவிட்டீர்கள். ஸ்பான்சர் செய்வதற்காகக் காசு கேட்பதும் வாங்குவதும் 2015 டிசம்பர் 14 முதல் ஆஸ்திரேலியாவில் குற்றம். கொடுப்பவரும் தப்ப முடியாது. அவருடைய விசாவே ரத்தாகலாம். முதலாளி கட்ட வேண்டிய பயிற்சி நிதி என்று ஒரு லெவி இருக்கிறது. 494-க்குச் சிறிய நிறுவனம் என்றால் 3,000 டாலர், பெரியது என்றால் 5,000. அதை முதலாளிதான் கட்ட வேண்டும். தொழிலாளி தலையில் கட்டக் கூடாது. மச்சினனிடம் ஒரு ஏஜெண்ட் 12 லட்சம் கேட்கிறார். எதற்கு என்று கேட்டால் 'ஸ்பான்சருக்கு' என்கிறார், ரசீதில் 'ஆலோசனைக் கட்டணம்' என்று எழுதித் தருவாராம். ஆஸ்திரேலியாவுக்குள் விசா ஆலோசனை சொல்கிறவர் வழக்கறிஞராக இருக்க வேண்டும் அல்லது விசா ஏஜெண்டுகளைப் பதிவு செய்யும் ஓமாரா என்ற அரசு அலுவலகத்தில் பதிவு செய்த ஏஜெண்டாக இருக்க வேண்டும். பதிவு எண் ஏழு இலக்கம். யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். இந்தியாவில் உட்கார்ந்துகொண்டு ஆலோசனை சொல்பவரை அந்தப் பதிவு கட்டாயப்படுத்தாது. அதனால்தான் நம் ஊரில் மாடிக்கு மாடி போர்டு தொங்குகிறது.

அந்த ஏஜெண்ட் மச்சினனிடம் கடைசியாகச் சொன்ன வார்த்தை என்ன தெரியுமா? "அங்க போய் முதலாளி என்ன சொன்னாலும் தலையாட்டுங்க. பிஆர் அவர் கையெழுத்துலதான் இருக்கு. பாருங்க, பேப்பர்லயே வந்திருக்கு." காட்டியது உங்கள் தாளை.

குடியுரிமை என்ற சொல்லையும் கொஞ்சம் பாருங்கள். நம் பத்திரிகைகள் எல்லாமே பிஆர் என்பதை நிரந்தரக் குடியுரிமை என்றுதான் எழுதுகின்றன. 191 கிடைத்தாலும் என் பாஸ்போர்ட் இந்தியப் பாஸ்போர்ட்தான். கிடைப்பது நிரந்தர வசிப்புரிமை. இங்கே முறையான விசாவில் நான்கு வருடம், அதில் கடைசி ஒரு வருடம் நிரந்தர வசிப்புரிமையோடு இருந்த பிறகுதான் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். என் அப்பா இந்தச் சொல்லைப் படித்துவிட்டு, "ஆதார் கார்டைத் திருப்பிக் கொடுக்கணுமாடா?" என்று கேட்டார்.

ஊரில் எல்லோரும் என்னை மெல்போர்ன்காரன் என்கிறார்கள். மில்டூராவிலிருந்து மெல்போர்ன் காரில் ஆறு மணி நேரம். வருடத்தில் இரண்டு முறை கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலுக்குப் போய்விட்டு, வண்டி நிறைய மளிகை ஏற்றிக்கொண்டு திரும்புகிறோம். போய்வரத் தடையில்லை, அங்கே குடியிருக்கத்தான் கூடாது. முதலில் இது சிறை மாதிரி இருந்தது. இப்போது மெல்போர்ன் போக்குவரத்தில் அரை மணி நேரம் நின்றாலே ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று தோன்றுகிறது. பையன் பிறந்தது இங்கேதான். 494-க்கு மெடிகேர் என்கிற அரசு மருத்துவக் காப்பீடு உண்டு என்பதால் ஆஸ்பத்திரிச் செலவு எங்களை வாட்டவில்லை. இதையும் உங்கள் கட்டுரையில் சேர்த்திருக்கலாம். இந்த விசாவின் நல்ல பக்கம் அது.

2024-25 வரி மதிப்பீட்டு அறிவிப்பு கைக்கு வந்ததும், 2025 ஆகஸ்டில், 191-க்கு விண்ணப்பித்தேன். மூன்று அறிவிப்பையும் வரிசையாக ஏற்றினேன். இரண்டு முதலாளிகளிடமும் எதுவும் கேட்கவில்லை, கேட்க வேண்டிய இடமும் விண்ணப்பத்தில் வரவில்லை. இன்னும் பதில் வரவில்லை. காத்திருக்கிறோம். காலண்டரில் இந்த முறை எண் எழுதவில்லை.

உங்களிடம் நான் கேட்பது ஒரு சின்னத் திருத்தம். 494 விசாவில் இருப்பவர் 191-க்கு விண்ணப்பிக்க முதலாளியின் பரிந்துரையோ நாமினேஷனோ தேவையில்லை. இந்த ஒரு வரி போதும். இந்தக் கடிதத்தை முழுதாகப் போட இடம் இல்லையென்றால் வெட்டிக்கொள்ளுங்கள். கென்வொர்த்தையும் பரோட்டாவையும் வெட்டினால் எனக்கு வருத்தமில்லை. அந்த வரியை மட்டும் ஞாயிறு இணைப்பிலேயே, கட்டுரை வந்த அதே பக்கத்தில் போடுங்கள். மச்சினன் அடுத்த வாரக் கடைசியில் அந்த ஏஜெண்டைப் பார்க்கப் போகிறான். நான் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறான். பேப்பரில் வந்தால் நம்புவான்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்,
ஒரு டீசல் மெக்கானிக்,
மில்டூரா, விக்டோரியா.

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)